பின் சீட்டில் கேட்ட சத்தம்

சீடனாகச் சேர வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு முப்பத்தேழு. அவர் பட்டறைக்குள் நுழைந்த நேரத்தில் குரு ஒரு காருக்கு அடியில் படுத்திருந்ததால் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"மெக்கானிக் இருக்காருங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"இருக்காருங்க. சொல்லுங்ணா," என்று காருக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

குரல் வந்த பிறகு ஆளும் வந்தாள். பெயர் பிலோமினா. டிப்ளமோ படித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி சர்வீஸில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். பிறகு சத்தி என்கிற சத்தியமங்கலத்துக்கு வெளியே, பண்ணாரி போகும் சாலையில், சொந்தமாக இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டாள். மலைக்குப் போகிற வண்டிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் வண்டிகளும் ஒவ்வொன்றாக இங்கேதான் வந்து நின்றன.

சென்னியப்பன் துணிப்பையிலிருந்து அறுந்துபோன ஃபேன் பெல்ட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது எப்ப அறும்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க அம்மிணி? அத மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க. எத்தன மாசம் ஆனாலும் இருந்து கத்துக்கறேன்."

ஃபேன் பெல்ட் என்பது பழக்கத்தில் வந்த பேர். உண்மையில் அந்த ஒரு ரப்பர் வார்தான் எஞ்சினின் சுழற்சியை வாங்கி, பேட்டரிக்குக் கரண்ட் தரும் டைனமோவையும், எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப்பையும், ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்ப்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. அது அறுந்தால் எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோகும்.

தாளவாடியில் வாடகைக் கார் ஓட்டும் சென்னியப்பனுக்கு அது திம்பம் மலையில், பதினாறாவது கொண்டை ஊசி வளைவில் அறுந்தது. இறக்கத்தில் ஸ்டியரிங் கல்லாகிப் போனது. உடம்பு பலத்தை எல்லாம் கூட்டித் திருப்பி, வண்டியை மலைப்பக்கச் சாக்கடையில் இறக்கி நிறுத்தினார். பின் சீட்டில் தெய்வானை டீச்சர் இருந்தார். தாளவாடிப் பக்கம் நாற்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் செவ்வாயும் வெள்ளியும் சத்திக்கு இறங்கி, நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் அடுத்த மூன்று நாள் அவருக்கு மூச்சு. அன்றைக்கு யானை நடமாடும் காட்டில் இரண்டரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மிஷினில் அவருக்கான நேரம் போய்விட்டது. மறுநாள் அவருக்கு மூச்சு வாங்கியதைச் சென்னியப்பன் கண்ணால் பார்த்தார்.

அதற்குப் பிறகு டீச்சர் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். ஊசி குத்தித் தடித்த கையோடு, திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே இருபத்தேழு வளைவு ஏறினார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்ட ராத்திரி சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாளைத் தன் வண்டியில் மறுபடி உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பிலோமினா பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அறுறதுக்கு முன்னால இது என்ன சொல்லுச்சுங்ணா?"

"பெல்ட்டா? அது என்னத்தச் சொல்லும்?"

"யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க."

சென்னியப்பன் சத்தியில் மச்சான் வீட்டில் தங்கி யோசித்தார். மறுநாள் காலையில் பட்டறை திறக்குமுன் வந்து நின்றார்.

"கத்துச்சுங்க அம்மிணி. காலைல வண்டி எடுத்ததும் கீச்சு கீச்சுன்னு. ஒரு மூணு வாரம் இருக்கும்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

இதைச் சொல்லும்போது சென்னியப்பனுக்குக் கொஞ்சம் பெருமைதான். தாளவாடி ஸ்டாண்டில் எந்த வண்டியைத் திறந்து பார்த்தாலும் முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் தேய்ந்துபோன துணி சோப்பு ஒன்று இருக்கும். பெல்ட் கத்தினால் எஞ்சினை அணைத்துவிட்டு, பெல்ட்டின் உள்பக்கத்தில் சோப்பை நன்றாகத் தேய்க்க வேண்டும். சத்தம் பட்டென்று நின்றுவிடும். ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"சோப்புப் போட்டதுக்கு அப்புறம் கத்துச்சுங்களா?"

"மூச்சு விடலீங்க."

"அறுற வரைக்கும்?"

"அறுற வரைக்கும்," என்றார் சென்னியப்பன். சொல்லி முடித்தபின் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிலோமினா ஈரத்துணியால் பழைய பெல்ட்டைத் துடைத்தாள். சோப்புப் படலம் போனதும் ஓரத்தில் உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"தண்ணி பம்ப்பு ஒழுகிருக்குது. சொட்டுச் சொட்டாப் பெல்ட்டு மேல விழுந்துட்டே இருந்திருக்குது. பெல்ட்டு அதத்தான் சொல்லிருக்குதுங்ணா. கோளாறு பெல்ட்டுல இல்ல."

"நான்தான் பெல்ட்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்."

"கத்துனது பெல்ட்டுதானுங்ளே," என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

அன்றிலிருந்து சென்னியப்பன் பட்டறைக்குத் தினமும் வந்தார். ஸ்பேனரைத் தொட விடுவாள் என்று பார்த்தால், அவள் விடவில்லை. பழுது பார்த்த வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவரைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னாள்.

"எஞ்சின் முன்னாலதானுங்க இருக்குது. முன்னாடி உக்காந்தா நல்லாக் கேக்குமுங்களே."

"முப்பது வருசமா முன்னாடி உக்காந்துதானுங்ணா கேட்டீங்க?"

சென்னியப்பன் பின்னால் ஏறினார்.

பின் சீட்டில் அவருக்கு முதல் வாரம் எதுவும் கேட்கவில்லை. கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. வளைவு வந்தால் கை தானாகத் திரும்பியது. இரண்டாவது வாரத்தில் கையும் காலும் அடங்கின. அதற்கப்புறம் காது திறந்தது. காலையில் மட்டும் கத்துகிற பெல்ட், ஹெட்லைட் போட்டால் கத்துகிற பெல்ட், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்டும் முனகுகிற பெல்ட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார்.

பிறகுதான் பானெட்டைத் திறக்க விட்டாள். ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கத்தில் பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் பீச்சி, சத்தம் அடங்குகிறதா கூடுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். அடங்கினால் பெல்ட் ஓடும் சக்கரங்கள் நேர்க்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சென்னியப்பன் எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒருநாள் கேட்டார். "பெல்ட்ட எவ்வளவு இறுக்கோணுமுங்க அம்மிணி?"

அவள் எஞ்சின் அணைந்திருந்த ஒரு வண்டியில் பெல்ட்டின் நீளமான பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். அரை அங்குலம் உள்ளே போனது.

சென்னியப்பன் தலையை ஆட்டினார். ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்த அரை அங்குலத்தில்தானே எமன் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியது. சாயங்காலம் தன் வண்டிக்குப் புதுப் பம்ப்பும் புதுப் பெல்ட்டும் போட்டார். நீளமான கடப்பாரையை டைனமோவுக்கு முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, போல்ட்டை முறுக்கினார். விரல் கால் அங்குலம்கூட உள்ளே போகவில்லை. வண்டியை ஓட்டினார். ஒரு சத்தம் இல்லை. பிலோமினா பக்கத்தில் வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுல மலைக்குப் போகாதீங்க. கொஞ்ச நாளைக்குக் கீழயே ஓட்டுங்க," என்று மட்டும் போகிற போக்கில் சொன்னாள்.

பதினெட்டாவது நாள் எஞ்சினிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிலோமினா டைனமோவைக் கழற்றி, உள்ளே இருந்த பேரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சுற்றிப் பார்த்தார். மணலை அரைப்பது போல இருந்தது.

"பெல்ட்டு எப்படி இருக்குதுங்ணா?"

"புதுசாட்டத்தான் இருக்குது."

"ஆமாங்ணா. அறவே கூடாதுன்னு கட்டுனீங்க. அது அறல. இறுக்கத்துல பேரிங்குதான் போச்சு."

சென்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. இந்த வயசில் ஒரு பெண்பிள்ளை முன்னால் கண் கலங்கிவிடுமோ என்று பயந்து, பேரிங்கைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். மறுநாள் புதுப் பேரிங் போட்டு, அரை அங்குலம் விட்டுக் கட்டினார். இந்த முறை மனசும் சேர்ந்து ஒப்பியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளவாடிக்குப் போனார். தெய்வானை டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கால் வீங்கி, ஆள் தளர்ந்துபோயிருந்தார்.

"டீச்சர், ரெண்டு மாசமாப் பட்டறைல இருந்து தொழில் கத்துட்டு வந்திருக்கறேன். பம்ப்பு புதுசு, பெல்ட்டு புதுசு. இனிமே அறாது. ஒரு சத்தம் வராது. நான் கேரண்டி. செவ்வாக்கிழமை வண்டி கொண்டு வரட்டுங்களா?"

"சென்னியப்பன், அன்னிக்கு வண்டியில ஒரு சத்தம் வருதுன்னு நான் மூணு தடவ சொன்னேன். நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

சென்னியப்பன் யோசித்தார். டீச்சர் சொன்னதே ஞாபகம் வரவில்லை.

"இல்லீங்க டீச்சர்."

"எனக்கு இருக்குது. நான் பஸ்ஸுலயே போய்க்கறேன். காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அவர் காப்பி குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை பிலோமினாவிடம் நடந்ததைச் சொன்னார். "தொழில் பூராவும் கத்துக்கிட்டேன். ஆனா அவங்க ஏற மாட்டீங்கறாங்க. பஸ்ஸுலயே போனா அந்த ஒடம்பு எத்தன நாளைக்குத் தாங்குமுங்க? அவங்கள எப்படி வண்டியில ஏத்தறதுன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் மெக்கானிக் வேலை இல்லீங்ணா," என்றாள் அவள்.

புதன்கிழமை காலையில் சென்னியப்பனின் காரைப் பட்டறைக்கு வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி ஏறுங்ணா. மலைக்குப் போயிட்டு வரலாம்."

பண்ணாரி தாண்டி மூன்றாவது வளைவிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது. எஞ்சின் திணறுகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கீச்சு. நேற்றுவரை இல்லாதது.

"அம்மிணி, ஒரு சத்தம் வருதுங்க."

"காலைக் குளிருக்கு அப்படித்தானுங்ணா. கண்ண மூடித் தூங்குங்க."

ஆறாவது வளைவில் கீச்சு கொஞ்சம் கூடியது.

"அம்மிணி, இது குளிருக்கு வர்றது இல்லீங்க. பெல்ட்டுத் தளர்ந்திருக்குது."

பிலோமினா கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அதில் ஏதோ ஊர்த் திருவிழா விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் அவர் கையில் இல்லை, பிரேக் அவர் காலில் இல்லை. வாய் ஒன்றுதான் இருந்தது, அதையும் கேட்பார் இல்லை. பத்தாவது வளைவு போனது. பதின்மூன்று போனது. பதினாறில் அந்தச் சாக்கடை தெரிந்தது.

"நிறுத்துங்க அம்மிணி."

"இன்னும் பதினொரு வளைவுதானுங்ணா. போயிரலாம்."

"ஏ, நிறுத்து."

மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது. பிலோமினா அந்த நொடியே வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினாள். ரேடியோவையும் எஞ்சினையும் அணைத்தாள்.

சென்னியப்பன் இறங்கினார். பானெட்டைத் திறந்து பெல்ட்டை அழுத்தினார். விரல் ஒன்றரை அங்குலம் உள்ளே போனது. போல்ட்டில் ஸ்பேனர் பட்ட புதுத் தடம் பளபளத்தது. காலையில் யார் தளர்த்தியது என்று அவர் கேட்கவில்லை. டூல்ஸை எடுத்து, அரை அங்குலம் விட்டுக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை பிலோமினா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைக் குளிருக்கு அப்படித்தான், கண்ண மூடித் தூங்குங்க," என்று மெதுவாகச் சொன்னார் சென்னியப்பன். "அன்னிக்கு டீச்சர்கிட்ட நானும் இதத்தானுங்க சொன்னேன். வார்த்த மாறாம இதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்கீங்ணா தெரியும்? எல்லா டிரைவரும் அதத்தான் சொல்றாங்க."

பஸ் ஒன்று கீழே இறங்கி வந்தது. பிலோமினா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க மேல போறீங்கள்ல?"

"ஆமாங்க அம்மிணி."

அவள் பஸ்ஸில் ஏறிக் கீழே போய்விட்டாள். சென்னியப்பன் தாளவாடிக்கு வண்டியை விட்டார். வழியெல்லாம் ரேடியோவைப் போடவில்லை.

டீச்சர் வீட்டில் அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"காலைக் குளிருக்கு அப்படித்தான், கண்ண மூடித் தூங்குங்கன்னு சொன்னேனுங்க டீச்சர். மூணு தடவையும்."

டீச்சர் கையிலிருந்த மாத்திரைப் பட்டையை மடக்கி மடக்கி நீட்டினார். பிறகு கேட்டார். "இனி நான் சொன்னா?"

"நிறுத்துவேனுங்க."

"நிறுத்திப் பாத்து, ஒண்ணுமே இல்லைன்னா?"

"அப்பவும் நிறுத்துனது நிறுத்துனதுதானுங்க."

"அறாதுன்னு போன தடவ கேரண்டி குடுத்தீங்க."

"அதக் குடுக்க நான் யாருங்க டீச்சர்," என்றார் சென்னியப்பன்.

டீச்சர் மாத்திரைப் பட்டையைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே வண்டி வாசலில் நின்றது. டீச்சர் பின் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டார். தூங்கவில்லை.

இறக்கத்தில் இருபத்து நாலாவது வளைவில் முதல் தடவை சொன்னார். "சென்னியப்பன், ஏதோ டொக்குனு கேட்டுதே." சென்னியப்பன் ஓரம்கட்டினார். எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டை அழுத்தி, பம்ப்புக்கு அடியில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. டீச்சரையும் இறக்கிக் காட்டினார். பத்தொன்பதாவது வளைவில் இரண்டாவது தடவை. அங்கேயும் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டில் மூன்றாவது தடவை சொன்னபோது பின்னால் மூங்கில் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. இடம் பார்த்து நிறுத்தியும் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சென்னியப்பனின் அப்பா தாத்தா வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனான். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்தினார். அரை அங்குலம். ஒன்றும் இல்லை.

"எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு போல," என்றார் டீச்சர். முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"இருக்கட்டுமுங்க டீச்சர். கேட்டாச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் இருபது நிமிஷம் தாமதம். நர்ஸ் முணுமுணுத்தாள், ஆனால் மிஷின் கிடைத்துவிட்டது. டீச்சரைப் படுக்க வைத்துவிட்டு, நாலு மணி நேரம் கையில் இருக்க, சென்னியப்பன் பட்டறைக்கு வந்தார். பிலோமினா ஒரு ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் ஏறுனாங்களாங்ணா?"

"ஏறுனாங்க. மிஷின்ல விட்டுட்டுத்தான் வர்றேன்." அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். "ஆனா மனசு அடிச்சுக்குதுங்க அம்மிணி. வர்ற வழியில மூணு தடவ சத்தம் வருதுன்னாங்க. மூணு தடவையும் நிறுத்திப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் தட்டுப்படல. அவங்களுக்கு மட்டும் எங்கிருந்து கேக்குது? எனக்குத் தெரியாம எதாச்சும் இருக்குதோ என்னமோ. சாயங்காலம் மறுபடி மலையேறோணும். நீங்களே ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. பெல்ட்டு நல்லாருக்குதுங்களா?"

பிலோமினா கார் நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை. கழற்றின போல்ட்டை எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டாள்.

"போகும்போது மறுபடி எதாச்சும் கேட்டா, டீச்சர் நாலாவது தடவையும் சொல்லுவாங்களாங்ணா?"

சென்னியப்பன் அவசரப்படவில்லை. பன்னிரண்டாவது வளைவில் டீச்சர் தயங்கினதை நினைத்துப் பார்த்தார். அப்புறம் கடைசி வளைவு தாண்டினபோது அவர் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்ததும், ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிவிடச் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"சொல்லுவாங்க," என்றார்.

"அப்ப நல்லாத்தானுங்ணா இருக்குது," என்றாள் பிலோமினா.